சந்தேகத்துக்குரிய பளபளப்பு

1. வாளிக்குள் ஒரு பொய்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அண்ணை என் முன்னால் ஒரு வாளியை வைத்தார். உள்ளே துவக்குக் கோதுகள். சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெறும் பித்தளைக் கோதுகள்.

“தம்பி, இதுக்குள்ளை ஒண்டு பொய் சொல்லுது. கண்டுபிடியும் பாப்பம்.”

அரை மணித்தியாலம் கிளறி, கரி பிடித்து அழுது வடிந்த ஒன்றை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. வாளியில் இருந்தவற்றுள் மிகத் துப்புரவான கோதை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். அதன் கழுத்தில் தலைமயிர் அளவில் ஒரு வெடிப்பு.

“ஊத்தையைச் சந்தேகப்படுறது போலீஸ்காரன்ரை வேலை. நாங்கள் மினுக்கத்தைச் சந்தேகப்பட வேணும்.”

அண்ணையின் பெயர் யேசுதாசன். சுவிஸில் ஒரு துப்பாக்கிச் சுடும் கழகத்தின் பட்டறையில் வேலை பழகி, பிறகு லண்டனுக்கு வந்தவர். வால்தம்ஸ்டோவில் சின்ன யூனிட் ஒன்று வைத்திருந்தார். இலக்குப் பார்த்துச் சுடுகிற கழகத்துக்காரர்கள் தங்கள் கோதுகளை எங்களிடம் தருவார்கள். நாங்கள் துலக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருப்பிக் கொடுப்போம். வெடிமருந்தும் குண்டும் போட்டு மறுபடி நிரப்புவது அவர்கள் பாடு. வெடித்த கோது ஒன்று துவக்குக்குள் போனால் சூடான வாயு முன்னால் போகாமல் சுடுகிறவரின் முகத்துக்குத் திரும்பக்கூடும். ஆகவே எங்கள் தொழில் பாதி கழுவுதல், பாதி சந்தேகம்.

அதற்கு முன் பதினைந்து வருடம் பெட்ரோல் ஸ்டேஷனில் நின்றவன் நான். எவன் பெட்ரோல் அடித்துவிட்டுக் காசு கொடுக்காமல் ஓடப்போகிறான் என்று முகத்தைப் பார்த்தே கணிப்பேன். “இந்த வேலைக்கு அது காணும்” என்றார் அண்ணை.

2. டம்ளர்

“கழுவிக் காய்ஞ்சதெல்லாம் டம்ளருக்குள்ளை போடும்” என்றபோது நான் தேநீர்க் கோப்பையைத் தேடினேன். அவர் காட்டியது மூடிபோட்ட, நடுங்குகிற ஒரு வட்டத் தொட்டி. அதற்குள் வால்நட் கோதைக் குறுணியாக அரைத்துக் கொட்டியிருந்தது. கோதுகள் அதற்குள் கிடந்து உருண்டு மூன்று மணித்தியாலத்தில் மினுங்கி வரும். எங்கள் தமிழில் இரண்டுக்கும் கோதுதான். கோதைக் கோதால் துலக்குகிறவன் என்று எனக்கு நானே பட்டம் சூட்டிக்கொண்டேன். வேறு யாரும் சூட்டவில்லை.

தூசியைப் பிடிக்க டம்ளருக்குள் பருத்தித் துணிக் கீலங்கள் சிலவும் போட வேண்டும். அதை நான் வீட்டிலிருந்தே கொண்டுபோனேன். சிங்குக்குக் கீழே என் பழைய பனியன்கள் கிழிக்கப்பட்டு ஒரு பையில் கிடந்தன. கம்பனிக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த பெருமையும் கிடைத்தது.

என் மனைவி பிலோமினாவுக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை. “ஊரிலை இதுகளுக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள்? இஞ்சை வந்து சம்பளத்துக்குக் கழுவிக் குடுக்கிறியளோ?” என்றாள். செவன் கிங்ஸ் பஸ்ஸில் ஒருமுறை போனில், “இண்டைக்கு மூவாயிரம் துவக்குக் கோது முடிச்சிட்டன் அண்ணை” என்று சொன்னேன். முன் சீட்டில் இருந்த தமிழர் எழும்பி மேல்தட்டுக்குப் போய்விட்டார்.

3. சந்தேக நபர்

ஒருநாள் ஒரு கழகத்தின் செயலாளர், வயதான ஆங்கிலேயர், நாங்கள் கொடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். “கொஞ்சம் அழகு கூடிப்போச்சு” என்ற அர்த்தத்தில் ஏதோ மரியாதையாகச் சொன்னார். நிரப்புவதற்கு முன் பார்த்திருக்கிறார். பதினொன்றின் கழுத்தில் வெடிப்பு.

அண்ணை அதே நாட்களில் துலக்கிக் கட்டிவைத்த ஒரு பையை அவிழ்த்து மூக்கை வைத்தார்.

“அமோனியா மணக்குது. மேலுக்கு மினுக்கும், உள்ளுக்கை பித்தளையை மெல்ல மெல்லத் தின்னும், வெடிப்பு பிந்தித்தான் தெரியும். ஆர் கொண்டந்தது?”

யூனிட்டில் நாங்கள் மூன்று பேர்தான். மூன்றாவது ஆள் வசந்தி. பூதக்கண்ணாடி விளக்கின் கீழே இருந்து கோதுகளைப் பார்த்துப் பெட்டியில் அடுக்குகிறவர். கணவருக்குக் கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ். இரண்டு மணிக்கு விட்டு அனுப்புகிற வேலை லண்டனில் இது ஒன்றுதான் அவருக்குக் கிடைத்தது.

நான் அன்றே துப்பறியத் தொடங்கினேன். முதலில் அண்ணையையே சந்தேகித்தேன், மரியாதை கருதிப் பத்து நிமிடத்தோடு விட்டேன். பிறகு வசந்தியின் மேசையில் நீலப் போத்தல் ஒன்றைக் கண்டேன். கண்ணாடி துடைக்கிற ஸ்பிரே. பின்பக்கத்து எறும்பெழுத்தை அவருடைய பூதக்கண்ணாடியாலேயே வாசித்தேன். அமோனியா! போத்தலை அண்ணையின் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

“நான் விளக்குக் கண்ணாடிக்குத்தானே அடிக்கிறன்” என்றார் வசந்தி என்னைப் பார்த்து.

“காத்திலை பறக்கும்தானே?” என்றேன். விஞ்ஞானத்தில் எனக்குள்ள புலமை அவ்வளவு.

அண்ணை நெற்றியைத் தேய்த்தார். “வசந்தி, திங்கட்கிழமை வர வேண்டாம். நான் யோசிச்சுச் சொல்லுறன்.”

வசந்தி சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்தார். கதவடியில் நின்று சொன்னார்: “என்ரை போத்திலை வாசிச்சியள். டம்ளருக்குள்ளை போறதை ஆர் வாசிக்கிறது?”

தோற்றவர்களின் பேச்சு என்று நினைத்தேன்.

4. சிங்குக்குக் கீழே

சனிக்கிழமை காலை பிலோமினா சமையலறையில் முழங்காலில் நின்றாள். ஜெபம் அல்ல, தேடல்.

“இஞ்சேருங்கோ, நான் கோயில் மெழுகுதிரித் தண்டு மினுக்கிற துணிப்பையைக் கண்டனீங்களோ?”

“என்ன துணி?”

“உங்கடை பழைய பனியன்தான். பொலிஷிலை நனைச்சு, காயாமல் இறுக்கிக் கட்டி வைச்சனான். ரெண்டு மாசமாத் தேடுறன். சிஸ்டர்தான் எடுத்துக்கொண்டு போட்டா எண்டு நினைச்சன்.”

“அந்தப் பொலிஷிலை என்ன கிடக்கு?”

“எனக்கென்ன தெரியும்? மூக்கைப் பிய்க்கும்.”

நான் கதிரையில் இருந்தேன். பையை அவிழ்த்தபோது வந்த மணத்தைச் சிங்குக்குக் கீழே இருக்கிற கழுவுமருந்தின் மணம் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் ஒரு கன்னியாஸ்திரியைச் சந்தேகித்திருக்கிறாள், நான் ஒரு நோயாளியின் மனைவியை. பொருத்தமான தம்பதி.

பேசாமல் இருந்திருக்கலாம். மிச்சத் துணியைக் குப்பையில் போட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஒரு தேநீர் ஆறும்வரை அந்த யோசனை என்னோடு இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் துலக்கிய பெட்டிகள் வேறு கழகங்களுக்கும் போயிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் சுடுவார்கள். கன்னத்தைத் துவக்கோடு ஒட்டி வைத்துத்தான் சுடுவார்கள்.

அண்ணைக்கு போன் எடுத்துச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது ஒன்றுதான்.

“எந்தெந்தப் பெட்டி எண்டு தெரியுமோ?”

“ஓம் அண்ணை. எழுதி வைச்சிருக்கிறன்.”

“அப்ப வாரும், ஒவ்வொருத்தருக்காய் போன் எடுத்துச் சொல்லுவம். வசந்திக்கு நான் எடுக்க மாட்டன். நீர்தான் எடுக்க வேணும்.”

பின்னேரத்துக்குள் எல்லாப் பெட்டிகளும் நிறுத்தப்பட்டன. ஒருவர் முகத்திலும் கீறல் இல்லை. வசந்திக்குத்தான் கடைசியாக எடுத்தேன். பனியன் வரைக்கும் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன்.

“திங்கட்கிழமை வாறன்” என்றார். “ஆனா ஒரு கண்டிசன்.”

இந்த வேலைக்கு இனி வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது, அவர் திங்கட்கிழமை கொண்டுவந்து டம்ளருக்கு மேலே ஒட்டிய தாளில் உள்ளதுதான். பெரிய எழுத்தில், மார்க்கரால்: ‘முதல் உங்கடை பை.’

தாள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. தினமும் காலையில் நான் பையைத் திறந்து நீட்டுகிறேன். வசந்தி குனிந்து மணந்து பார்க்கிறார். என்னை மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்டதில்லை. கேட்டாலும், சூடைமீன் குழம்பு கொண்டுபோகிற நாட்களில் நல்ல பதில் கிடைக்காது.