வயிற்று வலி என்று நான் சொன்ன பொய்

ஆண்டவருக்கு நன்றி சொல்லவே இன்று எழுந்து நிற்கிறேன், சகோதரிகளே. ஆண்கள் யாரும் இல்லாத கூட்டம் என்பதால் எதையும் மூடி மறைக்கப் போவதில்லை. மறைத்து மறைத்தே ஒரு வருஷத்தைப் பாழாக்கினேன்.

ரப்பர் விலை விழுந்த வருஷம், கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் எனக்கு ஐந்தாவது பிள்ளை பிறந்தது. ஆள் குறைப்பு நடந்த நேரம். பேரை வெட்டிவிடுவார்களோ என்ற பயத்தில் முப்பதாம் நாளே ரப்பர் பால் வாளியைத் தூக்கிவிட்டேன். அந்த மாதமே அடியில் ஏதோ இறங்கியது போல் இருந்தது. பிறகு அது கையிலேயே தட்டுப்பட்டது. என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து இங்கே கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்த பிறகு இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. இருமினால், தும்மினால், சிரித்தால் சேலை நனைந்துவிடும். ஆனால் ஒன்றுக்குப் போகவேண்டும் என்று உட்கார்ந்தால் வராது. இறங்கியதை விரலால் உள்ளே தள்ளிவிட்டுத்தான் போக வேண்டும்.

முதல் தொல்லை பிள்ளை பெற்றவர்களுக்கு வரும் கோளாறு என்று விட்டுவிட்டேன். இரண்டாவது என் பாவத்துக்குத் தண்டனை என்று நினைத்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு யார் சொல்வது?

இந்தச் செவ்வாய்க் கூட்டத்தில் பாட்டை எடுத்துக்கொடுப்பவள் நான். குரலை உயர்த்தினால் நனைகிறது என்பதால் வாயை மட்டும் அசைக்கத் தொடங்கினேன். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். எரிச்சல் வந்ததுதான் மிச்சம். இனிப் பாடவே முடியாதென்றால் உயிரோடு இருந்து என்ன என்றுகூடத் தோன்றியது.

நம் வழக்கப்படி ஆளாளுக்கு ஜெப விண்ணப்பம் சொல்வோமே, அப்போது நான் “வயிற்று வலி” என்றேன். வாராவாரம் அதே வயிற்று வலி. நீங்களும் முழங்கால் தேய ஜெபித்தீர்கள். ஒருத்தி ஓமத்தண்ணீர் கொடுத்தாள், ஒருத்தி பெருங்காயம் கொடுத்தாள், போதகரம்மா விளக்கெண்ணெயே கொடுத்தார். இல்லாத வலிக்கு இத்தனை மருந்து குடித்தவள் சிலாங்கூரிலேயே நான் ஒருத்திதான்.

போன தவக்காலத்தில் ஞானப்பூ அக்கா வீட்டில் கூட்டம் நடந்தது. அக்கா எனக்கென்று மிளகுக் கஷாயம் காய்ச்சி வைத்திருந்தார். ஒரு வாய் குடித்தேன். அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. அவருடைய புதுப் பாய் நனைந்துபோனது. நீங்கள் எல்லோரும் கண்டும் காணாதது போலக் கண்ணை மூடிக்கொண்டீர்கள், அதற்கு உங்களுக்கு நன்றி. நான் எழுந்து ஓடிவிட்டேன்.

வீட்டுக்குப் போய் அடுப்படியில் முழங்காலிட்டேன். “ஆண்டவரே, கர்ப்பப்பை இறங்கிவிட்டது, மூத்திரம் நிற்கவில்லை, என்னால் பாட முடியவில்லை” என்று அன்றுதான் முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி சொல்லி அழுதேன். ஆமென் சொல்லி முகத்தைக் கழுவுவதற்குள் ஞானப்பூ அக்கா வாசலில் நின்றார்.

“சாலம்மா, கீழ ஏதாச்சும் இறங்கி நிக்குதா?” என்று கேட்டார்.

தலையை மட்டும் ஆட்டினேன்.

“எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. மூணு வருஷமா அதைத் தாங்க உள்ள ஒரு வளையம் வச்சிருக்கேன். அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு உனக்குக் கஷாயம் காய்ச்சிக்கிட்டு இருந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம். பிறகு சிரித்தோம். சிரித்ததில் மறுபடியும் சேலை நனைந்தது. அன்று நான் அதற்காகக் கவலைப்படவில்லை.

அந்த வியாழக்கிழமையே அக்கா என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வெள்ளைக்கார டாக்டரம்மா சோதித்துப் பார்த்துச் சொன்னதை யாழ்ப்பாணத்து நர்ஸ் தமிழில் சொன்னார்: “அம்மா, இது ரெண்டு நோய் இல்லை, ஒண்டுதான். கர்ப்பப்பை இறங்கேக்க மூத்திரப்பையையும் சேத்து இழுத்துப்போட்டுது. அதைத் தாங்கிப் பிடிச்சா ரெண்டும் குறையும்.” பச்சை உடம்போடு வாளி தூக்கியதில் தாங்கும் சதை தளர்ந்துவிட்டதாம். பாவமும் இல்லை, தண்டனையும் இல்லை. அதைக் கேட்டபோதே பாதி குணமாகிவிட்டேன்.

ரப்பர் வளையம் ஒன்றை உள்ளே வைத்தார்கள். மரத்தைக் கீறிப் பால் எடுத்தவளுக்கு அந்த ரப்பரே முட்டுக்கொடுக்கிறது என்று நினைத்துக் கட்டிலிலேயே சிரித்துவிட்டேன். ஒரு சொட்டு வரவில்லை.

கனம் தூக்காதே, தண்ணீரைக் குறைக்காதே, சொன்ன தவணைக்கு வந்து வளையத்தைக் கழுவி மாட்டிக்கொள் என்றார்கள். இப்போது குழாயடியிலிருந்து தண்ணீர் தூக்குவது என் வீட்டுக்காரர். பெரிய தும்மல் வந்தால் இன்னமும் கொஞ்சம் நனையும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பாடுகிறேன். அறுப்பின் பண்டிகையில் நான் பாடியது ஸ்டேஷன் வரை கேட்டது என்று அவர் கேலி செய்கிறார். கேலி செய்யட்டும், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சகோதரிகளே, நம்பி ஜெபியுங்கள், உள்ளதைச் சொல்லி ஜெபியுங்கள். ஆண்டவருக்கு நாம் சொல்லாமலே தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்குச் சொன்னால்தான் தெரியும். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானே கூட வருகிறேன்.