அண்ணனுக்காக இறக்கின சுருதி

எங்க அண்ணன் மரப்பட்டறைக்காரன். பகல் முழுக்க ரம்பம் ஓடுற இடத்துல நின்னு நின்னு, வீட்டுலயும் கத்தித்தான் பேசுவான். இவன் உப்பு கேட்டா பக்கத்து வீட்டுக்காரி எடுத்துட்டு வருவா. அதனாலேயே அவனுக்குக் காது போறது எங்களுக்கு உறைக்கல. உறைச்சப்புறம் நாங்க பண்ணின காரியத்தைத்தான் சொல்ல வந்தேன். என்னை நல்லவளா காட்டிக்கிற உத்தேசம் எதுவும் இல்லை.

நாங்க மூணு பேர். அண்ணன் பாடுவான், தம்பி கம்பி வாத்தியம், நான் மேளம். எல்லாம் அப்பா பாடின பாட்டு, அவருக்கு அவரோட அத்தை சொல்லிக் குடுத்தது. காகிதத்துல ஒரு வரி கிடையாது. சாயங்காலம் ரம்பத்தை நிறுத்தினதும் பட்டறையில மரத்தூளை ஒதுக்கிட்டு உட்கார்ந்து பாடிப் பார்ப்போம். ஞாயித்துக்கிழமைன்னா கூப்பிட்ட மண்டபத்துக்குப் போவோம். எங்க வீட்டுல ஒரு வழக்கம். முதல் அடியை மூத்தவன் தனியா எடுக்கணும், யாரும் சுருதி குடுக்கக் கூடாது. அவன் குரல் எங்க நிக்குதோ அங்க போய் வாத்தியம் சேரணும். அப்பா நாலு கட்டை சுருதியில எடுப்பார். அண்ணனும் இருபது வருஷமா அதே நாலு கட்டை, மயிரிழை பிசகாது.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் கீழ எடுத்துட்டான். கொஞ்சம்தான். தம்பி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அவன் சத்தமில்லாம கம்பியைத் தளர்த்தினான். நான் மேளத்தோலை ஈரத்துணியால ஒரு துடை துடைச்சேன். ஈரம் பட்டா தோல் தொய்ஞ்சு சத்தம் இறங்கும். பாட்டு முடிஞ்சு ஜனங்க கை தட்டினாங்க. சளி பிடிச்சிருக்கும்னு விட்டுட்டோம்.

அடுத்த வாரமும் அப்படித்தான். சளி இல்லை, காதுதான் போகுதுன்னு அப்போதான் உறைச்சுது. அவன் இறங்க இறங்க நாங்களும் இறங்கினோம். தம்பி தடிமனான கம்பி வாங்கி மாட்டினான். என் பையில ஈரத்துணிக்குன்னே ஒரு டப்பா வந்துடுச்சு. இதைப் பத்தி நானும் தம்பியும் வாய்விட்டு ஒரு வார்த்தை பேசினதில்லை. சொன்னா அன்னிக்கே பாடறதை விட்டுடுவான், அப்படி ஒரு ரோஷக்காரன். ஒரு தடவை மேடையில அடி மறந்துபோச்சுன்னு மூணு மாசம் வாயே திறக்கல. அண்ணி செத்துப்போனப்புறம் அவனை வீட்டை விட்டு வெளிய கூட்டிட்டு வந்ததே அந்தப் பாட்டுதான். அதையும் எப்படிப் பிடுங்குவேன்?

ஒரு நாள் அவனே கேட்டான். "நாம சேர்ந்துதான் பாடறோமா? எனக்கு என்னமோ தூரத்துல கேக்குற மாதிரி இருக்கு."

"உனக்கு வேற வேலை இல்லையா? எல்லாம் சரியாத்தான் இருக்கு" அப்படின்னேன். பொய் அவ்வளவு சுலபமா வந்துச்சு, பாவி எனக்கு. அதுக்கப்புறம் அவன் கேக்கவே இல்லை.

போன மாசம் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கூப்பிட்டாங்க. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டின சின்ன அறை. அண்ணன் சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு வந்திருந்தான். எங்களோட வாசிக்க ஒரு கீபோர்டுக்காரரை உட்கார வச்சிருந்தாங்க. அதைப் பார்த்ததும் நான் பையில இருந்த டப்பாவைத் தொட்டுப் பார்த்தேன். அந்தப் பெட்டியை இறக்க எந்தத் துணியும் உதவாதே.

அண்ணன் எடுத்தான். நாங்க பழக்கதோஷத்துல போய்ச் சேர்ந்துட்டோம். கீபோர்டுக்காரர் கையை எடுத்துட்டு, "நாலு கட்டைன்னு சொன்னீங்களே, இது ரெண்டரைதான் வருது" அப்படின்னார்.

"உங்க பெட்டியில கோளாறு"ன்னான் அண்ணன்.

அவர் மரியாதையான மனுஷன், வாக்குவாதம் பண்ணல. ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தத்தைக் கூட்டி, நாலு கட்டையைப் பிடிச்சுக் காட்டினார். அண்ணன் அதோட சேரப் பார்த்தான். எட்டல. இன்னொரு தடவை பார்த்தான். அப்புறம் ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டு, தம்பி மடியில இருந்த வாத்தியத்துல விரலை வச்சு அழுத்தினான். அந்தத் தடிக் கம்பிகூட தொளதொளன்னு கிடந்துச்சு. எங்க குட்டு உடைஞ்சுபோச்சு. என் மேளத்தைத் தொட்டான். விரலை முகத்துக்கு நேரா தூக்கிப் பார்த்தான், ஈரம்.

"எத்தனை நாளா?"

தம்பி அழ ஆரம்பிச்சுட்டான். நான்தான் மூணு விரலைக் காட்டி, "வருஷம்"னேன்.

"ஊரே கேட்டுக்கிட்டு இருந்திருக்கு" அப்படின்னுட்டு செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டான். அன்னிக்கப்புறம் பாடல. பட்டறையில ரம்பம் நின்னதும் விளக்கை அணைச்சுட்டு வீட்டுக்கு வந்துடறான்.

நேத்து கெஞ்சிக் கூத்தாடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ரெண்டு காதையும் பார்த்துட்டு அவர் என்கிட்டதான் சொன்னார். உள்ள ஏதோ வளர்ந்து எலும்பை அரிச்சிருக்கு, மூணு வருஷத்துக்கு முன்னாடியே வந்திருந்தா ஒரு சின்ன ஆபரேஷன்ல காதைக் காப்பாத்தியிருக்கலாம், இப்போ மிச்சம் இருக்கிறதும் போயிடும்னார்.

வெளிய வராந்தாவுல பெஞ்சுல உட்கார்ந்ததும் அண்ணன் என்னன்னு கேட்டான். மருந்துச் சீட்டுக்குப் பின்னால டாக்டர் சொன்னதை அப்படியே எழுதிக் குடுத்தேன். படிச்சான். நிதானமா மடிச்சுப் பையில வச்சான்.

"நான் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ பாடறதை நிறுத்திடுவியோன்னு பயந்தேன்ணா."

"என்னது?"

திரும்பச் சொன்னேன். காதுக்குப் பின்னால கையை வச்சுக்கிட்டு என் வாயையே பார்த்தான். மூணாவது தடவை, வராந்தாவுல இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். "நீ பாடறதை நிறுத்திடுவியோன்னு பயந்தேன்."

புரிஞ்சதுன்னு தலையை ஆட்டினான். "இப்போ நிறுத்தியாச்சு" அப்படின்னான்.