வளருகிற பிள்ளைக்கு ஒரு ஸ்கூட்டர்

ஸ்கூட்டர் என்றதும் பெற்றோல் ஊற்றி ஓடுவதை நினைத்துவிடாதீர்கள். இது ஒரு காலைப் பலகையில் வைத்து, மறுகாலால் நிலத்தை உதைத்து ஓடுகிற, இரண்டு குட்டிச் சில்லு பூட்டிய சாமான். அதிலும் அக்காவின் மகள் கேட்டது சும்மா ஓடுவதற்கானது அல்ல, துள்ளிப் பாய்ந்து வித்தை காட்டுவதற்கானது. நாட்டில் சண்டை திரும்பத் தொடங்குவதற்குச் சற்று முன்னர் லண்டனில் இருந்து வந்த ஒரு பெண்பிள்ளை, அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கையில் அதை வைத்துக் குதித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். தலையிடி எங்களுக்கு.

அத்தானும் லண்டனில்தான். அவர் போகும்போது மகளுக்கு நாலு வயது, இப்போது ஒன்பது. வதிவிட அனுமதி கிடைக்கும் வரைக்கும் அவரால் இங்கே வர முடியாது. மகளைப் படத்தில் பார்த்ததோடு சரி. அந்த மகள் முதன்முதலாக வாய்திறந்து ஒன்றைக் கேட்டிருக்கிறாள். அது அவளுக்கு அளவாக இருக்க வேண்டும் என்று மனிதர் துடித்தார். பாவம், எந்தத் தகப்பன் என்றாலும் துடிப்பான்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தியிலிருந்த தொலைபேசிக் கடைக்கு அக்கா, பிள்ளை, நான் மூவரும் போவோம். அத்தான் அந்தக் கடைக்கு அழைப்பு எடுப்பார். கடல் தாண்டிக் கேட்க வேண்டும் என்று அவர் போடுகிற சத்தம் றிசீவரையும் தாண்டி எல்லோருக்கும் கேட்கும்.

"தம்பி, உது மடக்கிற சாமான் இல்லை. ஹான்டிலை ஏத்தி இறக்க ஏலாது. நிலத்தில இருந்து பிள்ளையின்ர இடுப்பு மட்டும் அளந்து சொல்லும். கூடினாப் பாய ஏலாது, குறைஞ்சா குனிஞ்சு குனிஞ்சு நாரி நோகும்."

அடுத்த ஞாயிறு அக்கா தையல் நாடாவால் அளந்தாள். முப்பது அங்குலம். அளந்துவிட்டு, "முப்பத்தி மூண்டு எண்டு சொல்லு" என்றாள்.

"ஏனக்கா? நாடா சுருங்கிப் போச்சோ?"

"வளருற பிள்ளையடா!"

அக்காவின் கணக்கு அது. பள்ளிக்கூடச் சட்டையோ சப்பாத்தோ எதுவும் அந்த வருடத்துக்கு வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. எல்லாம் வரப்போகிற வருடத்துக்குத்தான். நான் அவளைப் பார்த்து நன்றாகச் சிரித்தேன். பிறகு கடைக்குப் போய் அத்தானிடம் முப்பத்தைந்து என்று சொன்னேன். என் நியாயம் வேறு. சாமான் வந்து சேர ஆறேழு மாதம் செல்லும், அதற்குள் பிள்ளை சும்மா இருக்குமா? துறைமுகத்தில் கப்பல் சரக்குக்குக் கணக்கு எழுதுகிறவன் நான், எதையும் முன்கூட்டியே யோசிக்கிறவன் என்று ஒரு நினைப்பு.

ஆனால் எட்டாம் வாரமே, அத்தானுக்குத் தெரிந்த ஒருவர் கொழும்பில் இருந்து பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினார். பஸ் நிலையத்திலேயே துண்டுகளைப் பொருத்திப் பூட்டி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நடந்து வந்தேன். வழியில் காவல் சென்றியில் நின்ற ஆமிக்காரர் ஹான்டில் குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்த்தார். சில்லைச் சுழற்றிப் பார்த்தார். கடைசியில் பிள்ளையைப் பார்த்தார், ஹான்டிலைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அளவு தெரிந்திருந்தது.

வீட்டில் நாடாவைப் பிடித்தால் முப்பத்தேழு அங்குலம்! ஹான்டில் பிள்ளையின் நெஞ்சு மட்டத்தில் நின்றது. எங்கள் இருவரின் ஐந்து அங்குலம் விளங்கியது. மிச்ச இரண்டும் எங்கிருந்து வந்தன என்று விளங்கவில்லை.

"நான் மூண்டுதானே கூட்டினனான்?" என்று அக்கா என்னை முறைத்தாள். நான் ஒப்புக்கொள்ள வேண்டியதாகப் போயிற்று.

"என்னைப் பார்த்துச் சிரிச்சவர் செய்த வேலையைப் பாருங்கோ!"

பிள்ளை ஏறினாள். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவள் மாதிரி இருந்தது. ஓடினாள், ஆனால் பாய முடியவில்லை. துள்ளினால் அவள் மட்டும் துள்ளினாள், ஸ்கூட்டர் நிலத்திலேயே நின்றது. மூன்றாம் நாள் இரண்டு முழங்காலும் உரிந்துபோயின. எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. வெல்டிங் கடையில் கொடுத்துக் குழாயை வெட்டிவிடலாம் என்று தூக்கினேன். அவள் ஓடிவந்து ஹான்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"அப்பா அனுப்பினதை வெட்டக்கூடாது!"

"அப்ப அப்பாட்ட உண்மையைச் சொல்லு. மாமாதான் பிழை விட்டவர் எண்டு சொல்லு. வேற குழாய் அனுப்புவார்."

அவள் ஹான்டிலை விட்டபாடில்லை.

ஞாயிறு வந்தது. அத்தான் சுகம்கூட விசாரிக்கவில்லை.

"ஹான்டில் இடுப்புக்கு வருதோ, செல்லம்?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொல்லு, சொல்லு என்று நான் கையால் காட்டினேன். பிள்ளை தன் முழங்காலைக் குனிந்து பார்த்தாள்.

"ஓம் அப்பா. சரியான அளவு."

அத்தானின் சத்தம் இன்னும் ஏறியது.

"மெய்யாவோ? வளருற பிள்ளை எண்டு நான் ரெண்டு இஞ்ச் கூட்டியெல்லோ வாங்கினனான்! அதுக்கும் வளந்திட்டியோ? அப்ப என்ர தோள் மட்டும் வந்திருப்பாயே!" அத்தான் சிரித்தார். பிறகு குரல் இறங்கிப் போனது. "இனி உன்னைத் தூக்க ஏலாது, என்ன?"

"ஏலும் அப்பா," என்றாள் அவள் அவசரமாக. "நான் மெல்லிசுதான்."

வெளியே வந்ததும் அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அவளைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. எவ்வளவு பெரிய முட்டாள்கள், அத்தானும் சேர்த்து நாங்கள் மூன்று பேரும்.

மத்தியானம் சாப்பிட இருந்தபோது பிள்ளை கேட்டாள்: "மாமா, ஏழு இஞ்ச் வளர எவ்வளவு நாள் செல்லும்?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"அப்பா வர முந்தி வளந்திடோணும்," என்று சொல்லி, சாப்பாட்டுக் கோப்பையை அக்காவிடம் நீட்டி இன்னொரு அகப்பை சோறு கேட்டாள்.