எலுமிச்சம்பழத்தை நினைக்காத அரைமணி

காலை எட்டரை மணிக்கு அந்தப் பல் ஆராய்ச்சிக்கூடத்தின் ஜன்னலோரம் ஒருவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். மடியில் ஐஸ் நிரப்பிய டப்பா, அதில் செருகிய கண்ணாடிக் குழாய், குழாயின் வாயில் சின்னப் புனல். உதடுகளைச் சற்றே திறந்தபடி அவர் ஒன்றும் செய்யமாட்டார். அதுதான் வேலை. உமிழ்நீர் தானாக ஊறி, தானாக வழிந்து, சொட்டுச் சொட்டாகப் புனலில் விழவேண்டும். துப்பக் கூடாது, நாக்கைச் சுழற்றக் கூடாது. முக்கியமாக, சாப்பாட்டை நினைக்கக் கூடாது.

மற்ற நேரமெல்லாம் அவர் அங்கே கண்ணாடிச் சாமான் கழுவுகிறவர். ஒன்பது வருடங்களுக்கு முன்பு ஊழியர்கள் எல்லோருடைய வாயையும் சோதித்தபோது, ஒரு சொத்தைகூட இல்லாமல், தினமும் ஒரே அளவில் ஊறும் வாய் இவருடையது என்று தெரிந்தது. அன்றிலிருந்து அவர் பெயர் ஊத்து. பிடுங்கிய பற்களிலிருந்து மெல்லிசாக அறுத்தெடுத்த எனாமல் துண்டுகள் அவருடைய உமிழ்நீரில் ஊறும். பிறகு அமிலத்தில் கொஞ்ச நேரம், மறுபடி உமிழ்நீரில். ஒரு வாய்க்குள் நாள் முழுவதும் நடப்பது அங்கே கண்ணாடித் தட்டில் நடக்கும். பல்லைக் காக்க எந்தப் பசை வந்தாலும் அவர் எச்சிலைத் தாண்டித்தான் வரவேண்டும்.

வீட்டில் இதற்குப் பெரிய மரியாதை இல்லை. “இவர் வாயில வழியறதுக்கு ஐஸ் பெட்டி, கையெழுத்து, காவல்! நான் நாலு வார்த்தை பேசினா மட்டும் வாய் வலிக்கலையான்னு கேக்குறாரு” என்பாள் மனைவி.

ஒன்றை நினைக்காமல் இருப்பது, அதை நினைப்பதைவிடக் கடினம். முதல் வருடம் அவர் எதிர்க்கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டியையே வெறித்துப் பார்த்துச் சமாளித்தார். பிறகு ஒருநாள் ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் எனாமலைக் காட்டினார். நெருக்கமாக நின்ற வெள்ளைத் தூண்கள், தூண்களுக்கு அப்பாலும் தூண்கள். மறுநாளிலிருந்து அவர் கண்ணை மூடியதும் அங்கே போய்விடுவார். வாசனை இல்லை, பசி இல்லை, காலடி ஓசைகூட இல்லை. எங்கோ மிகத் தொலைவில் ஒரு சொட்டு விழும். அது தன்னுடையது என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும். இதற்குத் தியானம் என்று பெயர் வைக்க ஆட்கள் உண்டு. அவர் வைக்கவில்லை.

இந்த வருடம் கையிலும் கழுத்திலும் அரிப்பு வந்தது. மருத்துவர் மாத்திரை கொடுத்தார். அரிப்பு அடங்கியது, வாயும் காய்ந்தது. தினமும் கையெழுத்திடும் தாளில் ‘மருந்து ஏதேனும்’ என்று ஒரு கட்டம் உண்டு. ‘ஆம்’ என்று எழுதினால் நாற்காலி போய்விடும். ‘இல்லை’ என்று எழுதினார்.

அரைமணி கழிந்தும் குழாயில் பாதிகூட ஏறவில்லை. அப்போதுதான் வெள்ளைத் தூண்களுக்கு நடுவே அவர் ஒரு எலுமிச்சை மரத்தை வரவழைத்தார். ஒரு பழத்தை நறுக்கினார். கொஞ்சம் ஊறியது, போதவில்லை. மறுநாள் சட்டையிலிருந்து கழன்ற பட்டன் ஒன்றை நன்றாகக் கழுவி நாக்குக்கடியில் வைத்துக்கொண்டார். குழாய் நிறைந்தது. இப்படிப் பதினோரு நாட்கள்.

பன்னிரண்டாம் நாள் டாக்டரம்மா தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். “பசை பூசினதும் கெட்டியா இருக்கு, பூசாததும் கெட்டியா இருக்கு. அப்புறம் பசை எதுக்கு? நான்தான் அமிலத்துல எங்கயோ கோட்டை விட்டிருக்கேன். இல்லன்னா ரெண்டு வருஷ வேலையும் குப்பைதான்.”

மூன்றாவது முறையாக அமிலத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க எழுந்தார். சாமான் கழுவும் தொட்டியருகே நின்ற ஊத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தூண்டிவிட்டு ஊறும் எச்சில் அமிலத்தை அதிகமாக அடக்கும் என்று இதே டாக்டரம்மாதான் ஒருமுறை அவரிடம் சொல்லியிருந்தார். கையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“டாக்டரம்மா, அமிலத்தைக் கொட்டாதீங்க.”

பட்டனை மேசைமேல் வைத்தார்.

“என்ன இது?”

“சட்டை பட்டன்.”

“கண்ணு தெரியுது எனக்கு. இங்க எதுக்கு?”

“பத்து நாளா என் நாக்குக்கடியில இருந்துச்சும்மா. அரிப்புக்கு மாத்திரை சாப்பிடுறேன், வாய் காஞ்சுபோச்சு. எழுதல.” தயங்கினார். “எலுமிச்சம்பழமும் நெனைச்சேன்.”

“எத்தனை?”

“தினம் ஒண்ணு. கடைசி ரெண்டு நாள் ரெண்டு.”

டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபமா சிரிப்பா என்று ஊத்துக்குத் தெரியவில்லை.

“பட்டனை எழுதிக்கலாம். நெனப்பை எந்தக் கட்டத்துல எழுதுறது?”

டாக்டரம்மா கையெழுத்துத் தாள்களை எடுத்துப் புரட்டினார்.

“பதினோரு நாள் கணக்கும் போச்சு. நான் என் கையையே சந்தேகப்பட்டுட்டு இருந்தேன், தெரியுமா? மாத்திரையை நிறுத்தாதீங்க, உடம்பு முக்கியம். நாற்காலி இனிமே ஸ்டோர் அம்மாவுக்கு.”

“அரிப்பு போனப்புறம்?”

“அப்போ பாத்துக்கலாம்.”

மன்னித்ததாக டாக்டரம்மா சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டனைக் குப்பையில் போடாமல் தாளோடு சேர்த்து ஒட்டிவைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை, சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் அம்மா ஐஸ் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

“ஊத்தண்ணே, இங்க உக்காந்தா எதை நெனைக்கணும்?”

“எதை வேணா நெனைங்க. சாப்பாட்ட மட்டும் விட்டுடுங்க.”

“அடப் பாவி மனுஷா, இதுவரைக்கும் நான் அதை நெனைக்கவே இல்லையே!”

ஊத்து தன் தொட்டியருகே போனார். வெதுவெதுப்பான நீருக்குள் இரண்டு கைகளையும் விட்டுக் கண்ணை மூடினார். வெள்ளைத் தூண்கள் அப்படியே இருந்தன. நடுவில் அந்த மரமும் இருந்தது. அதை வெட்டச் சொல்ல இப்போது யாருமில்லை. ஒரு பழத்தைப் பறித்து நிதானமாக நறுக்கினார். காய்ந்த வாயின் ஓரத்தில் மெல்ல ஊறியது. கீழே புனல் இல்லை.

விழுங்கினார்.