மதுவிலக்குத் தலைவரின் ஈரல்

நான் கள்ளுக் குடிப்பவன். இதில் மறைக்க ஒன்றுமில்லை, கரவெட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் அக்கா குணலட்சுமியைக் கட்டிய சீவரத்தினம் அத்தானோ ஊர் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர். தபாற்கந்தோரில் கிளாக்கர் வேலை. நல்லநாள் பெருநாளில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பந்தியில் இருந்தால் அக்காவுக்குச் சோறு இறங்காது.

அத்தானிடம் ஒரு சீலைப்படம் இருந்தது. அதில் இரண்டு ஈரல். ஒன்று கத்தரிக்காய் போலப் பளபளவென்று இருக்கும், மற்றது வாடி வதங்கிக் கிடக்கும். "ஈரல் பழுதான ஒருத்தனைக் காட்டுங்கோ, அவன் குடிகாரன் எண்டு நான் எழுதித் தாறன்!" என்று கூட்டத்துக்குக் கூட்டம் முழங்குவார். அந்த வாய் சும்மா கிடந்திருக்கலாம்.

எண்பத்தைந்தாம் ஆண்டிலே சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. வழக்கம்போல விரல்விட்டு எண்ணக்கூடிய சனம்தான். கள்ளுக்குப் பதிலாக நல்ல பானம் கொடுக்கிறேன் என்று அத்தான் தன் கையாலேயே சங்கக் கிணற்றில் அள்ளி, எலுமிச்சை பிழிந்து ஒரு கிடாரம் நிறையத் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்தார். வந்தவர்கள் மரியாதைக்கு வாய் நனைத்துவிட்டுப் போனார்கள். மிச்சத்தைக் குடித்தவர்கள் இரண்டே பேர். வீணாகக்கூடாது என்று குடித்தவர் அத்தான். மற்றவன் இளையதம்பி. அத்தானின் பேச்சைக் கேட்டுக் கள்ளை விட்ட ஒரே பிறவி அவன்தான். அளந்து குடித்துப் பழக்கமில்லாதவன், செம்பு செம்பாக உள்ளே விட்டான்.

ஒரு மாதம் போயிருக்கும். அத்தானுக்குச் சோற்றைக் கண்டால் ஓங்காளம். வடை பொரிக்கிற மணத்துக்கே வேலியடிக்கு ஓடினார். அப்போதாவது கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தாரா? இல்லை! வெள்ளி விரதம் என்று வெறும் வயிற்றோடு கோயிலுக்குப் போனார். வாசலில் கால் பின்னி, வியர்த்து ஒழுகி, நாக்குக் குழறி ஏதோ பிதற்றிக்கொண்டு விழுந்தார். தூக்கிவிட்டவர்கள் கண்ணைப் பார்த்தார்கள். மஞ்சள். மஞ்சள் கண் என்றால் ஈரல் பழுது, இனிக் கேட்கவும் வேண்டுமா? படம் காட்டிக் காட்டி ஊருக்கு வைத்தியம் படிப்பித்தவரே அவர்தானே.

"தலைவர் விடியக் காலமையே நல்ல குடிவெறி" என்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கக் கதை. கள்ளுத் தவறணையில் அதைச் சொல்லிச் சிரித்த ஒருவனின் சட்டையைப் பிடித்துவிட்டேன். என்னைக் குடிகாரன் என்று சொல், கோபம் வராது. அத்தானைச் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

வீட்டிலோ அக்கா, "இஞ்சாருங்கோ, ஒருக்கா ஊதுங்கோ பாப்பம்" என்கிறாள். ஊதினார். ஊதிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதார். எனக்கு அக்காவில் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

நெல்லியடியில் டிஸ்பென்சரி வைத்திருந்த டொக்டர் ஸ்ரெல்லாவிடம் கொண்டு போனோம்.

"இது செங்கமாரி, மஞ்சள் காமாலை. ஈரலுக்கை வைரஸ் கிருமி போயிருக்கு" என்றார் அவர். "ஈரல்தான் உடம்பின்ரை சாமான் அறை. சாப்பிட்ட சீனியைச் சேர்த்து வைச்சு, பட்டினி கிடக்கேக்கை எடுத்துத் தரும். இப்ப கிருமியைப் பிடிக்க உடம்பு ஆள் அனுப்பியிருக்கு. கள்ளனைப் பிடிக்க வந்தவை வீட்டுக்காரனையும் சேர்த்து அடிச்ச மாதிரி, அவை ஈரல் கலங்களையும் அடிக்கினம். அதாலைதான் வீக்கம். அடி வாங்கின கலம் சீனியைச் சேர்க்கவும் மாட்டுது, தரவும் மாட்டுது. எண்ணெய்ச் சாப்பாடும் ஒத்துக்கொள்ளாது. அதுக்குள்ளை விரதம் இருந்தால் ரத்தத்திலை சீனி இறங்கி வெறிகாரன் மாதிரித்தான் தள்ளாடும்."

"மெய்யே டொக்டர், அப்ப குடியாலை இல்லையே?" என்றாள் அக்கா.

"இல்லை. கெட்ட தண்ணியாலை. ஒரு மாதத்துக்கு முன்னம் எங்கையும் கொதிக்காத தண்ணி குடிச்சவரோ?"

அத்தான் வீட்டுக்கு வந்த பிறகுதான் மெல்லச் சொன்னார். "தம்பி, சங்கக் கிணத்துக்குப் பக்கத்திலைதான் புதுக் கக்கூசுக்குக் குழி வெட்டினனாங்கள்."

"வாயை மூடுங்கோ அத்தான். கிருமி எண்டு மட்டும் சொல்லுவம். எந்தத் தண்ணி எண்டு ஆர் கேக்கப் போகினம்?"

அவரும் பேசாமல்தான் இருந்தார், இளையதம்பியின் செய்தி வரும் வரைக்கும். அவனும் மஞ்சளாகிப் பாயில் கிடந்தான். பழையபடி குடிக்கத் தொடங்கிவிட்டான் என்று அவன் பெண்சாதி மீனாம்பிகை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

அத்தான் எழும்பிச் சால்வையை எடுத்தார். "சைக்கிளை எடு."

"விசரே உங்களுக்கு? குடிகாரன் எண்ட பேர் போய் ஊருக்கு நஞ்சு குடுத்தவன் எண்ட பேர் வரும். சங்கமும் அதோடை சரி."

"என்ரை பேர் போனால் என்னோடை போகும். அங்கை ஒரு குடும்பமெல்லோ பிரிஞ்சு கிடக்கு!"

மதுவிலக்குத் தலைவரை என் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு பட்டப்பகலில் போனேன். கோதாரி, ஊரே வாயைப் பிளந்தது. மீனாம்பிகையின் தாய் வீட்டு முற்றத்தில் அத்தான் இறங்கி நிற்க, அக்கம்பக்கத்துச் சனம் வேலியால் எட்டிப் பார்த்தது.

"தங்கச்சி, இளையதம்பி குடிக்கேல்லை. எனக்கு வந்த செங்கமாரிதான் அவனுக்கும். கூட்டத்திலை நான் கரைச்சுக் குடுத்த தேசிக்காய்த் தண்ணியாலை வந்தது. கிணத்துத் தண்ணி பழுது. பிழை என்ரை." வேலிக்கு அப்பாலும் கேட்கட்டும் என்று உரத்தே சொன்னார். நான் பின்னால் போய் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

மீனாம்பிகை நின்ற இடத்திலேயே குந்திவிட்டாள். "அந்த மனுசன் கோயிலிலை சத்தியம் பண்ணுறன் எண்டு அழுதுது. நான் ஒரு வாய் கஞ்சி கூடக் குடுக்காமல் வந்திட்டன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்து, பையைத் தூக்கி, பிள்ளைகளைக் கூப்பிட்டாள். படலையைத் திறந்தவள் திரும்பி அத்தானைப் பார்த்தாள்.

"கிளாக்கர் அண்ணை, இனிமேல் ஆருக்கும் நல்லது செய்யிறதெண்டால் முதல் தண்ணியைக் கொதிக்க வையுங்கோ."

"ஓம் தங்கச்சி" என்றார் அத்தான். அவர் மறுபேச்சுப் பேசாமல் ஒருவருக்கு ஓம் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.