பாதியில் மாட்டிய பேரிங்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பிளஸ் டூ முடித்த விடுமுறையில், கப்பலூரில் அப்பா வேலை பார்க்கும் மோட்டார் பட்டறையில் நடந்தது இது. அப்போது வில்லாபுரத்தில் எங்கள் வீட்டில் ஒரு வாரமாக ஒரே சண்டை. எனக்குப் பிசிக்ஸ் படிக்க ஆசை. அப்பாவுக்கு நான் இன்ஜினீயர் ஆகவேண்டும். இருபது வருடமாக ஃபிட்டராக இருந்து, தன்னைவிடச் சின்ன வயது இன்ஜினீயர்களிடம் "சரி சார், சரி சார்" என்று சொல்லியே அலுத்துப்போனவர் அவர். பிசிக்ஸ் சீட் கிடைத்த கல்லூரியில், நான் பட்டறைக்குப் போன நாளுக்கு மறுநாள் சாயங்காலத்துக்குள் சேர வேண்டும், விட்டால் போச்சு.

"ஒருநாள் வந்து பாரு தாயி. நீயே இன்ஜினீயரிங்தான்னு சொல்லுவ" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன்.

ஆனால் உள்ளே போனதும் வாயைப் பிளந்துவிட்டேன். ஒரு பெரிய மோட்டாருக்கு அப்பா பேரிங் மாட்டத் தயாரானார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்பு வளையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஓட்டை, மோட்டாரின் நடுவில் சுழலும் தண்டைவிட ஒரு மயிரிழை சிறியது. அதனால் அதை எண்ணெயில் போட்டுச் சூடாக்கி, விரிந்ததும் ஒரே மூச்சில் தள்ளிவிட வேண்டும். ஆறினால் இறுகப் பிடித்துக்கொள்ளும்.

எனக்கு மண்டைக்குள் ஒன்று குடைய ஆரம்பித்தது. இரும்பு சூட்டில் விரியும், சரி. அப்படியானால் உள்பக்கமாகவும் விரிந்து ஓட்டை சிறிதாகத்தானே வேண்டும்? வெப்ப விரிவு பாடத்தில் முழு மார்க் வாங்கியவள் நான், இது ஒருநாளும் தோன்றவில்லை பாருங்கள்!

அப்பா கையுறை போட்டு, சூடேறிய பேரிங்கை எண்ணெயிலிருந்து எடுத்துத் தண்டில் நுழைத்தார். பாதி போயிருக்கும். பொறுக்க முடியாமல், "அப்பா, ஓட்டை ஏம்ப்பா சின்னதாகாம பெருசாகுது?" என்று கேட்டுவிட்டேன். அப்பா கையை நிறுத்தி என் பக்கம் திரும்பினார். "அது வந்து..." அவ்வளவுதான். குளிர்ந்த தண்டு சூட்டை உறிஞ்சிக்கொண்டது. பேரிங் பாதியிலேயே கவ்விக்கொண்டது. சுத்தியலுக்கும் அசையவில்லை.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். "என்னண்ணே, இம்புட்டு சர்வீஸ் போட்டும் இதைப் பாக்கத் தெரியலையா? மோட்டாரை மத்தியானமே கேட்டிருக்காங்கள்ல!" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். அப்பா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "எம்மேலதான் தப்பு சார், கவனம் பிசகிருச்சு" என்று தலையைக் குனிந்துகொண்டார். நான் கேட்டதால் வந்த வினை என்று நானாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மெல்லப் பின்வாங்கி நின்றுகொண்டேன். வெட்கமாக இருந்தது.

நாலு பேர் சேர்ந்து இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டி அதைக் கழற்றினார்கள். பேரிங் வீணாகிவிட்டது. நான் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். சொன்னால் சிரிப்பீர்கள், அழுதுகொண்டே தரைத்தூசியில் விரலால் வட்டம் வரைந்துகொண்டும் இருந்தேன். பிள்ளைகள் வட்டமாகக் கைகோத்து நின்று, எல்லோரும் கையை இன்னும் நீட்டினால் வட்டமே பெரிதாகுமே! சூட்டில் இரும்பின் அணுக்களும் அப்படித்தான் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. அப்படியென்றால் ஓட்டையும் சேர்ந்துதான் பெரிதாகும். அந்த நிமிடம் என் அழுகை நின்றுவிட்டது.

திரும்பி வரும்போது பைக்கில் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அப்பா கேட்டார், "நாங்க அம்புட்டுப் பேரும் உசிரைக் குடுத்து இழுத்துக்கிட்டிருக்கோம், நீ அங்கன உக்காந்து வட்டமா போட்டுக்கிட்டிருந்த?" பிறகு அவரே சிரித்துவிட்டார். "நீ இன்ஜினீயரா வந்தா ஒரு மோட்டாரும் ஓடாது தாயி. நாளைக்குக் காலையில கெளம்பி இரு, காலேஜுக்குப் போயிட்டு வந்துருவோம்."

கொஞ்ச தூரம் போனதும், "நீயாச்சும் யாருக்கும் தலையைக் குனியாம இருக்கணும்னு பாத்தேன், அம்புட்டுத்தான்" என்றார்.

இப்போது பிசிக்ஸ் மூன்றாம் வருடம் படிக்கிறேன். வகுப்பில் அதிகமாகக் கேள்வி கேட்பவள் நான்தான் என்று பெயர் வாங்கிவிட்டேன். ஆனால் அன்றைக்குக் கேட்டவள் நான்தான் என்று அந்த சூப்பர்வைசரிடம் இன்னும் போய்ச் சொல்லவில்லை. அதைச் சொல்லும்வரை, நான் கற்ற எந்தப் பதிலும் அப்பா எனக்காகக் குனிந்த தலையை நிமிர்த்தாது.