அரை அடி

வாசிக்கிற நீங்கள்தான் இனி என் சாட்சி. மேடை ஏறியதும் அவையை வணங்குவது என் பழக்கம். இன்று வணக்கத்துக்கு முன்னால் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நான் சொல்லப்போகும் பெண்மணியின் கால்களை மட்டும் கவனித்துக்கொண்டிருங்கள். அவை எங்கே நின்றன என்று யார் கேட்டாலும் நீங்கள் தடுமாறாமல் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய இடத்தில் என் உயிர் நண்பன் வேறொன்றைச் சொன்னான். அவன் சொன்ன சொற்களை எழுதியவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இருவரும் கோவையில் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில் படித்தோம். பேச்சுப் போட்டி எங்கே நடந்தாலும் இணையாகவே போவோம். அவனுக்குக் குரல், எனக்கு எழுத்து. அடக்கம் கருதி இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை: பல்லடத்திலிருந்து சத்தியமங்கலம் வரை நாங்கள் ஏறிய மேடைகளிலிருந்து வெறுங்கையோடு இறங்கியது அரிது. ஒட்டியும் வெட்டியும் பேசும் போட்டி என்றால் இரண்டு பக்கத்தையும் நானே எழுதுவேன். ஒட்டி நான் பேசுவேன். வெட்டி அவன் பேசுவான். என் வலக்கையோடு என் இடக்கை மோதுவதைப் போல அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அன்று பெரியநாயக்கன்பாளையத்தில் சாலைப் பாதுகாப்புப் போட்டி. தலைப்பு, ‘சாலையில் முதல் உரிமை நடப்பவருக்கே’. வேகமும் எடையும் யாரிடம் இருக்கின்றனவோ அவரே முதலில் நிற்கக் கடமைப்பட்டவர் என்று நான் வாதிட்டேன். அவன் எழுந்து, பொறுப்பு இருவருக்கும் பொது என்றான். குரலை மெல்ல உயர்த்தி, “கோட்டுக்கு அரை அடி வெளியே கால் வைப்பவர், தம் உரிமையையும் அரை அடி வெளியே வைத்துவிட்டுத்தான் வருகிறார்!” என்று முடித்தான். அரங்கம் அதிர்ந்தது. அந்த வரியை முதலில் ‘ஓரடி’ என்று எழுதி, ஓசை போதவில்லை என்று ‘அரை அடி’ எனத் திருத்தியவன் நான்.

கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவனுடைய பைக்கின் பின்னால் அமர்ந்து ஊர் திரும்பினேன். பிற்பகல் வெயில். வழியில் ஒரு பஞ்சாலையின் சங்கு ஊதியது. ஷிப்ட் மாறும் நேரம். வாசலுக்கு நேரே, சாலையில் புதிதாகத் தீட்டிய வெள்ளைப் பட்டைகள்.

“அந்த அரை அடிக்கு எப்படிக் கை தட்டுனாங்க பாத்தியாடா?” என்று அவன் தலையைத் திருப்பினான்.

“எழுதுனது யாரு மாப்ள?” என்றேன். இருவரும் சிரித்தோம்.

சிரிப்புக்கு நடுவே நான் அவரைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கையில் சோற்றுத் தூக்குப்போசி. இருபுறமும் பார்த்துவிட்டு இறங்கி, மூன்றாவது பட்டைக்கு வந்திருந்தார். எங்களைக் கண்டதும் மறு கையை உயர்த்திக் காட்டினார். அப்போதுதான் முன்னால் திரும்பிய நண்பன் ஹாரனை அடித்தான். ஹாரன் கேட்டால் நடப்பவர்தான் ஒதுங்க வேண்டும் என்பது எங்கள் சாலைகளில் யாரும் எழுதிவைக்காத சட்டம். அவர் ஒதுங்குவதற்கு நேரம் இருக்கவில்லை. பிரேக்கில் அவன் கால் பதிந்தபோது அவர் கீழே கிடந்தார். தூக்குப்போசி திறந்து, சோறு வெள்ளைப் பட்டையின்மேல் சிதறியிருந்தது. அவருடைய கணுக்கால் மடங்கக் கூடாத பக்கமாக மடங்கியிருந்தது.

எழ முயன்றபடியே அவர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: “உங்களுக்கு அடி ஏதும் பட்டுப்போச்சுங்களா கண்ணு? நாந்தானுங்க பராக்குப் பாத்துட்டு வந்துபோட்டேன்.”

கோவைப் பக்கத்து மனிதர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேருந்தில் ஒருவர் நம் காலை மிதித்தால், காலை அங்கே வைத்திருந்ததற்காக நாம் வருத்தம் சொல்லுவோம். அவர் சொன்னதும் அவ்வளவுதான். ஆனாலும் அதைக் கேட்டபோது எனக்குள் ஒரு நிம்மதி எழுந்தது. சாட்சியான உங்களிடம் அதை மறைப்பது முறையாகாது.

ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. அந்த ஆலையில் அவர் தற்காலிகத் தொழிலாளி. வேலைக்கு வரும் வழியில் தம் தவறில்லாமல் அடிபட்டார் என்று காவல் நிலையத்தில் எழுதித் தந்தால், கால் கூடும்வரை அவருடைய இடத்தை வைத்திருப்பார்கள். இல்லையென்றால் அடுத்த வாரமே அங்கே வேறொருவர் நிற்பார். இதையும் அவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை; கட்டுப் போடும்போது செவிலியர் கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார். நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

வெளியே வந்ததும் நண்பன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “அப்பாவுக்குத் தெரிஞ்சா வண்டியப் புடுங்கிப்போடுவாரு மாப்ள. பரவால்ல, உடு. நாளைக்கு ஸ்டேசன்ல உள்ளத உள்ளபடி சொல்லிப்போடறேன். நீ பக்கத்துல நில்லு, போதும்.”

இரண்டாண்டுகளாக ஒலிவாங்கியை எனக்குக் கைமாற்றித் தந்த கை அது. நம்பினேன்.

மறுநாள் காலை காவல் நிலையத்தில், மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி அந்த அக்கா பெஞ்சில் அமர்ந்திருந்தார். எழுத உட்கார்ந்த ஏட்டையா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மாற்றலாகி வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. என்ன நடந்தது என்று அவர் கேட்டதும் நண்பன் ஓரடி முன்னால் வந்தான். தொண்டையைச் செருமினான். அந்தச் செருமல் எனக்குத் தெரியும். மேடைக்கான செருமல்.

“ஐயா, ரோட்டுல நடக்கறவங்களுக்கும் பொறுப்பு இருக்குதுங்க. இவங்க கோட்டு மேல வரலீங்க. கோட்டுக்கு அரை அடி வெளியே கால் வெச்சாங்க. அதான் என்னால புடிக்க முடியலீங்க.”

அரை அடி! கைதட்டலுக்காக நான் செதுக்கிய அளவு, அளந்து பார்த்த உண்மையைப் போல அந்த மேசைமேல் வந்து விழுந்தது.

ஏட்டையா அக்காவின் பக்கம் திரும்பினார். “ஏம்மா, இந்தத் தம்பி சொல்லுதது சரிதானா?”

“படிக்கிற பசங்க பாவமுங்க. நாந்தானுங்க பாக்காம வந்துபோட்டேன், உடுங்க.”

“பெறகென்ன? அந்தம்மாவே சொல்லிட்டாவ,” என்று அவர் பேனாவைத் திறந்தார்.

“இவனும் பாத்தானுங்க. கேட்டுக்குங்க,” என்றான் நண்பன். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையை இலேசாகச் சாய்த்தான். ‘அடுத்துப் பேச வா’ என்று மேடையில் அழைப்பானே, அதே சாய்ப்பு. அவன் பொய் சொன்னதைக்கூட ஒருநாள் மறந்திருப்பேன். நான் மறுக்கமாட்டேன் என்று அவன் கொண்டிருந்த உறுதியை மறக்க முடியவில்லை.

“ஐயா, அவங்க சொல்றது வாக்குமூலம் இல்லீங்க, மரியாதைங்க,” என்றேன். “எங்க ஊருல இடிச்சவன்கிட்டயும் ‘நாந்தானுங்க’ன்னுதான் சொல்லுவோம்.”

“மரியாதைய நான் எந்தப் பத்தியில எழுத?” என்று அவர் சிரித்தார்.

என் ஜோல்னாப் பையில், முந்தைய நாள் அவனுக்கு நான் எழுதித் தந்த உரை அப்படியே இருந்தது. எடுத்து மேசையில் வைத்து, அந்த வரியைச் சுட்டிக்காட்டினேன். ‘ஓரடி’யை அடித்து ‘அரை அடி’ என்று திருத்தியிருந்த இடத்தை அவர் விரல் வைத்து வாசித்தார்.

“இந்த அரை அடி நடந்தது இல்லீங்க. போட்டிக்காக நான் எழுதுனதுங்க. அவங்க கோட்டு மேலதான் நின்னாங்க.”

ஏட்டையா நிமிர்ந்து நண்பனைப் பார்த்தார். “ஏல, மோதுததுக்கு முன்னாலயே எழுதி வச்ச அளவால்லா இருக்கு! நடந்ததச் சொல்லுன்னா மனப்பாடம் ஒப்பிக்கியா?” பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “எம்மா, மரியாதைய ஒரு ஓரமா வச்சிட்டுச் சொல்லு. கால் எங்க இருந்துச்சு?”

அக்கா முதலில் நண்பனைத்தான் பார்த்தார். “கோவிச்சுக்காதீங்க கண்ணு... வெள்ளை மேலதானுங்க நின்னேன். கையுங்கூடக் காட்டுனேனுங்க.”

நடப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்பதை இன்றும் நான் மறுக்கமாட்டேன். அவர் தம் பங்கை முழுதாகச் செய்திருந்தார். கோட்டில் இறங்கினார், இருபுறமும் பார்த்தார், கை காட்டினார். மிச்சமிருந்த பங்கு பிரேக்கில் இருந்தது. அதைச் செய்ய வேண்டியவன் பின்னால் திரும்பி, என் வரியைப் புகழ்ந்துகொண்டிருந்தான்.

ஏட்டையா உள்ளதை எழுதி, ஆலைக்குத் தர வேண்டிய தாளையும் அக்காவிடம் கொடுத்தார். வெளியே வாசலில் நண்பன் என்னை மறித்தான்.

“நீ எழுதிக் குடுத்ததத்தானடா பேசுனேன்? மேடையில பேசுனா கப்பு, இங்க பேசுனா பொய்யா? இத்தன நாள் கூட இருந்துட்டு, என்னயக் காட்டிக்குடுத்துட்டயேடா!”

பைக்கை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டான். அதன்பின் நாங்கள் ஒரு மேடையிலும் சேர்ந்து நிற்கவில்லை. துரோகம் செய்தவன் அவன்தான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவன் கையில் இருந்த கருவி என் பட்டறையில் செய்தது.

ஆட்டோவுக்காகச் சுவரைப் பிடித்து நின்ற அக்கா என்னைக் கூப்பிட்டார். “என்னால உங்க சிநேகிதம் கெட்டுப்போச்சுங்களே தம்பி. மன்னிச்சுக்குங்க.”

கால் உடைந்தவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் முன்னால், சாலையில் போகிறவர்களும் திரும்பிப் பார்க்கும்படி, ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாத குரலில் சொன்னேன்:

“அக்கா, நான் நம்பாத ஒரு வரிய இனிமேல் யாரு வாய்க்கும் எழுதிக் குடுக்கமாட்டேனுங்க. என்ற வாய்க்கும் எழுதிக்கமாட்டேனுங்க.”